ஜூ டவுன் சரக்கும் கீரைப் பாத்தியும்

கொச்சி நகரத்தின் மட்டாஞ்சேரியில், அரசர் அரண்மனையை அடுத்து, 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் ஆலயத்தைச் சூழ்ந்திருக்கும் சிறு பகுதி ஜூ டவுன் என்று வழங்கப்பெறுகின்றது. அந்த ஆலயத்தின் தரையில் பதிந்துள்ள சீனத்து நீல ஓடுகளையும், 1760-ஆம் ஆண்டில் எசக்கியேல் ரஹாபி என்னும் யூத வர்த்தகர் எழுப்பிய மணிக்கூண்டையும் காண வருகின்ற யாத்திரிகர் பலர், அவ்வீதியின் இருமருங்கிலும் நிற்கும் பழைய கிடங்குகளை அதிகம் கவனியாமலே கடந்து செல்கின்றனர். ஆனால் மிளகும் சுக்கும் மஞ்சளும் ஏலமும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய அந்தக் கிடங்குகளுக்கு, உலக வர்த்தகத்தின் சரித்திரத்தில் உள்ள இடத்தைப் போலவே, நம் வீட்டுக் கொல்லையின் கீரைப் பாத்தியின் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. பூச்சியை விரட்டும் இயற்கை முறைகள் என்று இன்று நாம் போற்றிச் சொல்லும் உபாயங்களில் சேரும் பொருள்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், அவற்றுட் பல இத்தகைய துறைமுக வீதிகளின் வழியாக ஊர் ஊராகப் பரவியவை என்பதும், நிலத்தை உழுதவனுடைய அநுபவமும் கடலைக் கடந்தவனுடைய சரக்கும் கலந்தே அந்த ஞானம் உருவாயிற்று என்பதும் தெளிவாகும்.

கீரைக்கு மட்டும் இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். தேங்காய்க்கு மட்டையும் ஓடும் உண்டு. வாழைப்பழத்துக்குத் தோல் உண்டு. நெல்லுக்கு உமி உண்டு. கீரைக்கோ அத்தகைய கவசம் எதுவும் இல்லை. புழு தின்பதும் இலையையே. மனிதன் உண்பதும் அதே இலையையே. அன்றியும், விதைத்து ஒரு மாதத்திற்குள் பறித்துவிடும் பயிராதலால், அதன்மீது தெளித்த நஞ்சு வெயிலிலும் மழையிலும் தேய்ந்து நீங்குவதற்கு வேண்டிய கால இடைவெளியும் அதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே பூச்சியை எப்படி நீக்குவது என்ற கேள்வியும், உண்பவனுக்குத் தீங்கு வராமல் எப்படிக் காப்பது என்ற கேள்வியும் கீரையின் விஷயத்தில் ஒன்றேயாகி விடுகின்றன.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய நம் முன்னோர் தாவரங்களின் நோயையும் சிகிச்சையையும் ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்த்தனர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரர் தம்முடைய பிருஹத் ஸம்ஹிதையில் விருக்ஷாயுர்வேதத்திற்கென்று ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸுரபாலர் இயற்றிய விருக்ஷாயுர்வேதம் என்னும் நூலின் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1996-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் உள்ள ஆசிய வேளாண் சரித்திர நிறுவனத்தின் முயற்சியால், நளினி ஸாதலே அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. மரத்தைப் பற்றிய புழுக்களை ஓட்டுவதற்கு வெண்கடுகு, பெருங்காயம், வாயுவிடங்கம், வசம்பு, மிளகு முதலியவற்றைச் சேர்த்துப் புகையிடும் முறையை அந்நூல் கூறுகின்றது. இவற்றுள் மிளகு மலைநாட்டின் சொந்தச் செல்வம். பெருங்காயமோ பாரசீகத்திலிருந்தும் ஆப்கானிய மலைகளிலிருந்தும் வந்த சரக்கு. அதாவது, நம் புராதன சாஸ்திரம் விதித்த மருந்திலேயே பிற தேசத்துப் பொருள் ஒன்று உரிமையோடு இடம்பெற்றிருக்கின்றது. பழமை என்பது தன் எல்லையைத் தாழிட்டுக்கொண்டு வாழ்ந்ததன்று; பயன் உள்ளது எங்கிருந்து வந்தாலும் அதனைச் சோதித்துத் தனதாக்கிக்கொண்டது என்பதற்கு இதுவே தக்க சான்று.

அத்தகைய பரிமாற்றத்திற்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த துறைமுகம் கொச்சி. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் கொடுங்கல்லூரின் பழைய துறை தூர்ந்து கொச்சியின் கழிமுகம் ஆழமாயிற்று என்று சரித்திராசிரியர்கள் கூறுவர். அதன்பின் வர்த்தகம் தெற்கு நோக்கி நகர்ந்தது. கொடுங்கல்லூரில் வாழ்ந்த யூதர்களும் காலப்போக்கில் கொச்சி அரசரின் ஆதரவை நாடி அவருடைய அரண்மனையின் அருகிலேயே குடியமர்ந்தனர். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்மார், தமிழர் எனப் பல சமூகத்தவரும் மட்டாஞ்சேரியில் அடுத்தடுத்து வாழ்ந்து வாணிபம் செய்தனர். மிளகின் விலையை முன்கூட்டிப் பேசி முடிக்கும் முன்பேர வர்த்தகத்திற்கென்று 1957-ஆம் ஆண்டில் சங்கம் அமைந்து செயற்பட்டதும் இந்த ஜூ டவுனிலேதான்.

சரக்கைச் சேமித்து வைப்பவனுக்குப் பூச்சி ஜன்மப் பகை. மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து, பின்னும் மாதக்கணக்கில் கப்பலில் பிரயாணம் செய்ய வேண்டிய சுக்கும் மிளகும் வண்டு துளைத்துப் போகுமானால், வர்த்தகனுடைய முதலே அழிந்துவிடும். ஆதலால் கொச்சிச் சுக்கு என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கில் ஒருவகையைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து உலர்த்தும் வழக்கம் ஏற்பட்டது. அதனால் சுக்கு வெளுத்துப் பார்வைக்கு அழகாயிற்று என்பது ஒரு பயன். பூச்சி எளிதில் அண்டாமல் நின்றது என்பது மற்றொரு பயன். வீடுகளிலும் இதே அறிவு வேறு உருவத்தில் விளங்கிற்று. தானியக் குதிரில் வேப்பிலையையும் நொச்சியையும் இடுவதும், வசம்பைத் தட்டிப் போடுவதும் தமிழ்நாட்டு மாதர் அறிந்த கைப்பழக்கம். வசம்பில் உள்ள அஸரோன் என்னும் பொருள் தானிய வண்டுகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்க வல்லது என்று பிற்காலத்து ரசாயன சாஸ்திரிகள் கண்டனர். ஆராய்ச்சிக்கூடம் பிறப்பதற்கு முன்னரே அதனைக் குதிரும் கிடங்கும் கண்டிருந்தன.

ஜூ டவுனின் சமையற்கட்டுகளுக்கோ பூச்சியைப் பற்றி வேறொரு கண்டிப்பும் இருந்தது. யூதருடைய நியாயப்பிரமாணத்தில், லேவியராகமத்தின் பதினோராம் அதிகாரம், தரையில் ஊரும் பிராணிகளை உண்பதை விலக்கி வைக்கின்றது. இந்த விதியின் காரணமாக, கீரையையும் கொத்துமல்லியையும் போன்ற இலைவகைகளை நீரில் ஊறவைத்து, இலை இலையாக ஒளியில் பிடித்துப் பார்த்து, புழுவோ அசுவினியோ இல்லை என்று நிச்சயித்த பின்னரே அடுப்பில் ஏற்றுவது ஆசாரமுள்ள யூதக் குடும்பங்களின் நியமம். இலையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு மதத்தின் ஆசாரமாக நின்றபோதிலும், பயிர் செய்கின்ற எவனுக்கும் அதுவே முதற் பாடம். முட்டைக் குவியலும் இளம் புழுவும் அசுவினிக் கூட்டமும் பெரும்பாலும் மறைந்திருப்பது இலையின் அடியில்தான். அங்கே அவற்றைக் கண்டு கையால் நசுக்கிவிடுகின்றவனுக்கு வேறு மருந்து அநேகமாக வேண்டுவதில்லை.

கொச்சியின் தாவர ஞானத்தை உலகம் அறியச் செய்த பெருமை, 1663-ஆம் ஆண்டில் அந்நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் காலத்திற்கு உரியது. மலையாளக் கரையின் டச்சு அதிபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவரின் முயற்சியால், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் மகாகிரந்தம் அச்சேறிற்று. எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களின் உருவமும் பெயரும் குணமும் அதில் அடங்கியுள்ளன. அந்த ஞானத்தை வழங்கியவர்கள் சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர்களும் ஆவர். அவர்களுடைய சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் பதிக்கப்பெற்றிருக்கின்றன. வேம்பு, ஆரிய வேப்பு என்ற மலையாளப் பெயருடனே நான்காம் தொகுதியில் இடம்பெற்று, பின்னர் லின்னேயஸ் போன்ற ஐரோப்பிய சாஸ்திரிகளின் கவனத்திற்கு வந்தது. லத்தீன் மொழியில் பூட்டிக் கிடந்த அந்நூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆங்கிலத்தில் பெயர்க்க, 2003-ஆம் ஆண்டில் கேரளப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது.

டச்சுக்காரருக்கு முன் வந்த போர்ச்சுகீசியரால் இக்கரைக்கு வேறொரு மாறுதல் நேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாயும் புகையிலையும் அவர்களுடைய கப்பல்களின் வழியே பதினாறாம் நூற்றாண்டளவில் இந்தியாவை அடைந்து, வெகு விரைவில் இந்நாட்டுப் பயிர்களாகவே ஆகிவிட்டன. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து மலையாளக் கரைக்கு வந்து பெரிய வியாபாரமாக வளர்ந்தது. திருவிதாங்கூர் அரசு அதனைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளும் அளவிற்கு அதில் வருவாய் இருந்தது. இவ்விரு வரவுகளும் சந்தையோடு நில்லாமல் தோட்டத்திற்குள்ளும் புகுந்தன. இன்று கேரளத்தின் வீட்டுத் தோட்டங்களில், காந்தாரி மிளகாயை அரைத்துப் பசுவின் மூத்திரத்தில் கலந்து சோப்பு நீருடன் தெளிப்பதும், புகையிலைக் கஷாயம் தெளிப்பதும் பாட்டன் காலத்து முறைகள் என்றே பேசப்படுகின்றன. அவை பாட்டன் காலத்தவை என்பது மெய்யே. ஆனால் மிளகாயும் புகையிலையும் இந்நாட்டில் கால் வைத்தது ஐந்நூறு ஆண்டுகளுக்குள்ளேதான். வந்த பொருளின் காரத்தையும் கசப்பையும் தன் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டதே உழவனின் மேதைமை.

புகையிலைக் கஷாயத்தின் கதை ஓர் எச்சரிக்கையும் ஆகும். அரைக் கிலோ புகையிலையை நாலரை லிட்டர் நீரில் ஒருநாள் ஊறவைத்து, 120 கிராம் சோப்பைக் கரைத்த நீருடன் கலந்து, ஆறேழு மடங்கு நீர் சேர்த்துத் தெளித்தால் அசுவினி முதலிய மெல்லுடல் பூச்சிகள் மடிகின்றன. அதில் உள்ள நிக்கோட்டின் என்னும் வஸ்துவை 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிரித்தெடுத்தனர். அது பூச்சிக்கு மாத்திரம் நஞ்சன்று. மனிதனுடைய தோலின் வழியாகவும் உட்புகுந்து அவனையும் தாக்கும் கொடிய நஞ்சு. ஆகையால்தான் அமெரிக்க நாட்டின் இயற்கை விவசாய விதிகள் புகையிலைத் தூளை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கின்றன. செடியிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் சாதுவானதாகி விடாது. பறிக்கும் பருவத்தில் உள்ள கீரைமீது புகையிலைக் கஷாயம் தெளிப்பவன், ரசாயன மருந்தைத் தெளிப்பவனைக் காட்டிலும் பிறருக்கு நன்மை செய்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை முற்றிலும் மாறிற்று. 1939-ஆம் ஆண்டில் பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அதன்பின் எழுந்த ரசாயன மருந்துகளின் வெள்ளத்தில், இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமைக்கு மதிப்புக் குறைந்தது. அந்தப் புதிய சரக்கின் கொடுமையை முதன்முதலாக இந்தியாவுக்கு உணர்த்தியதும் கொச்சித் துறைமுகமே. 1958-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த கப்பல் ஒன்றில், பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து உணவுப் பொருள்களுடன் சேர்த்து ஏற்றப்பெற்றுக் கசிந்து கோதுமை மாவில் கலக்க, அதனை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். நீதிபதி ஜே. ஸி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அந்த விபத்தின் படிப்பினையிலிருந்தே 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. மிளகையும் சுக்கையும் பூச்சியிடமிருந்து காப்பாற்றிக் கப்பலேற்றிய துறைமுகத்திற்கே, பூச்சியைக் கொல்லும் பொருள் மனித உயிர்களைக் குடித்த செய்தியும் வந்து சேர்ந்தது. அதற்கு அப்பாலும் படிப்பினை முடியவில்லை. வடகேரளத்துக் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மீது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகாயத்திலிருந்து தெளிக்கப்பெற்ற எண்டோஸல்ஃபானால் அவ்வட்டாரத்து மக்கள் அடைந்த துன்பம் தேசம் முழுவதும் அறிந்தது; 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடெங்கும் தடை செய்தது.

இதற்கிடையில் வேம்பு சாஸ்திரத்தின் வாயிலாக மீண்டும் மதிப்புப் பெற்றது. 1962-ஆம் ஆண்டில் டெல்லியில் வெட்டுக்கிளிகள் திரண்டு வந்தபோது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். பிரதான் முதலியோர் வேப்பம் பருப்பின் கரைசலைப் பயிர்களில் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிர்களின்மீது அமர்ந்தும் உண்ணாமல் நீங்கின. 1968-ஆம் ஆண்டில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் அவ்விளைவின் முதற்பொருளாகிய அஸாடிராக்டினைப் பிரித்தெடுத்தனர். அது பூச்சியை உடனே கொன்று வீழ்த்துவதன்று. உண்ணும் விருப்பைக் கெடுத்து, தோல் உரித்து வளரும் இயல்பையும் குலைத்து, பூச்சியின் குலம் பெருகாமல் செய்கின்றது. வேப்பெண்ணெயைப் பூஞ்சண நோய்க்கு மருந்தாக்கும் முறையின்மீது அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமையை, இந்தியாவின் வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வழக்காடினர். 2000-ஆம் ஆண்டில் ரத்தான அந்த உரிமை, 2005-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல்முறையீட்டிலும் நிலைபெறவில்லை. பொதுஜனங்களின் அநுபவத்தில் முன்பே உள்ள ஞானத்தை எவரும் தனி உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்ற நியாயம் அந்தத் தீர்ப்பால் நிலைநாட்டப்பெற்றது.

இத்துணைச் சரித்திரமும் இன்றைய பாத்தியில் எப்படிப் பயன்படுகின்றது என்பதையும் சிறிது காண்போம். கேரளத்தார் விரும்பி உண்ணும் சிவப்புக் கீரைக்கு இரண்டு பகைகள் முக்கியமானவை. ஒன்று, இலைகளை நூலால் பிணைத்து உள்ளே இருந்து அரிக்கும் புழு. மற்றொன்று, மழைக்காலத்தில் இலையெங்கும் வெளிறிய புள்ளிகளைப் பரப்பும் பூஞ்சண நோய். புழுவுக்குப் பிணைந்த இலைகளைக் கிள்ளி அழிப்பதே முதல் வேலை. அதன்பின், அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைத்துப் பத்து லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கவேண்டும். வெயில் பட்டால் அஸாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும் என்பதால்தான் மாலை நேரம் விதிக்கப்படுகின்றது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் பத்து லிட்டர் நீருக்கு 200 மில்லி வேப்பெண்ணெயும் அரைத்த பூண்டு 200 கிராமும் ஐம்பது கிராம் சோப்பும் கலந்த பால்போன்ற கரைசல் கேரளத்தில் பெருவழக்காயிற்று. எண்ணெயையும் நீரையும் சோப்பு இணைக்கின்றது. அதுவே மெல்லுடல் பூச்சிகளின் மெழுகுப் பூச்சையும் கரைத்துவிடுகின்றது. மழை மிகுந்த மலையாளக் கரையைக் காட்டிலும் வறண்ட தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே வேம்பு செழித்துக் காய்ப்பதால், அந்தப் பருப்பும் எண்ணெயும் இன்றும் மலைக்கு அப்பாலிருந்து வருகின்ற சரக்குகளே.

இலைப்புள்ளி நோய்க்கு மஞ்சள் தூளும் சமையல் சோடாவும் பால்காயம் என்னும் பெருங்காயமும் சேர்ந்த கலவை சொல்லப்பெறுகின்றது. இவற்றுள் மஞ்சளும் காயமும் மட்டாஞ்சேரிக் கடைகளின் நெடுநாளைய உறவினர். எனினும் மருந்தினும் சிறந்தது வரவொட்டாமல் தடுக்கும் அறிவு. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-1 என்னும் பச்சைக் கீரை இந்நோயைத் தாங்கி நிற்க வல்லது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருண் என்னும் சிவப்புக் கீரையுடன் அதனைக் கலந்து விதைத்தால், நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குத் தாவுவது தடைப்படுகின்றது. நீரை இலைமீது இறைக்காமல் வேரடியில் விடுவதும், தரையில் சருகு பரப்பி மண் தெறிக்காமல் காப்பதும் இதனோடு சேர வேண்டியவை. இத்தகைய பாத்தியில் பொறிவண்டும் சிலந்தியும் நிலைத்து வாழும். அசுவினியை உண்டு வாழும் அந்தச் சிற்றுயிர்களைக் கொன்றுவிடாமல் வைத்திருப்பதே இயற்கை முறையின் உயிர்நிலை. சகல பூச்சிகளையும் ஒருங்கே அழிக்கும் மருந்து, பயிரின் காவலர்களையும் சேர்த்து அழித்துவிட்டு, பகைவர் திரும்பி வரும் வழியைத் திறந்து வைக்கின்றது.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு ஒன்றே. இயற்கைப் பூச்சி நிர்வாகம் என்பது ஒரு தேசத்தாரோ ஒரு குலத்தாரோ மறைத்து வைத்த ரகசியமன்று. ஸுரபாலரின் சுலோகமும், இட்டி அச்சுதனின் மூலிகை அறிவும், யூத மாதரின் இலைச் சோதனையும், கிடங்குக்காரரின் சுண்ணாம்பு நீரும், அமெரிக்காவின் மிளகாயும், டெல்லி ஆராய்ச்சிக்கூடத்தின் வேப்பங்கரைசலும் ஒன்றுசேர்ந்து வளர்த்த பொதுச்செல்வம் அது. பழையது என்பதற்காக ஒன்றைக் கண்மூடிக் கொள்வதும், பிற நாட்டது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அந்தச் செல்வத்தை வளர்த்தவர்களின் வழியன்று. சோதித்து, அளவறிந்து, தீங்கானதை விலக்கி, நல்லதைக் கொள்வதே அவர்கள் வழி. ஆதலால் மாடியில் நாலு தொட்டியில் கீரை வளர்க்கும் குடும்பத் தலைவியும், ஏக்கர் கணக்கில் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பும் உழவரும் முதலில் தினந்தோறும் இலையின் அடிப்புறத்தைப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். கைக்கு அடங்காத பூச்சிக்கு மாத்திரம் வேப்பங்கரைசலை நாட வேண்டும். புகையிலையைக் கீரைப் பாத்தியிலிருந்து அறவே நீக்க வேண்டும். வாங்கி உண்ணும் நாமும், ஓரிரு ஓட்டை விழுந்த இலையைக் குறையென்று ஒதுக்காமல் விலைகொடுத்து வாங்கினால், நஞ்சின்றிப் பயிர் செய்கின்ற உழவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.